தெருவில் தொலைநோக்கி வைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மைதானத்தில், குடியிருப்பின் மொட்டைமாடியில், கடற்கரையில் ஒரு தொலைநோக்கியை நிறுத்தி, வருவோர் போவோருக்கு வானத்தைக் காட்ட விரும்பும் ஆசிரியர்களும் அறிவியல் மன்றத்தினரும் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. வானியல் பாடம் இதில் குறைவு, கூட்டத்தைக் கையாளும் விவரம் அதிகம். இத்தகைய நிகழ்ச்சிகள் சொதப்புவது பெரும்பாலும் வானியல் தெரியாததால் அல்ல.

எந்த நாளில் வைத்தால் நல்லது?

தினசரி நாட்காட்டியில் திதியைப் பாருங்கள். வளர்பிறை பஞ்சமியிலிருந்து தசமிக்குள் ஒரு நாள். அப்போது நிலவில் வெயில் படும் பகுதிக்கும் இருண்ட பகுதிக்கும் இடையிலான எல்லைக்கோடு நம் பக்கம் இருக்கும். அந்தக் கோட்டின் ஓரம் சூரிய ஒளி சாய்வாக விழுவதால் பள்ளங்களும் மலைகளும் நீண்ட நிழல் வீசும். பார்ப்பவர் வாயிலிருந்து ‘அடேயப்பா’ வருவது அந்த நிழல்களால்தான்.

பௌர்ணமியன்று வைக்காதீர்கள். நம்மவர்கள் முதலில் தேர்ந்தெடுப்பது அந்த நாளைத்தான். முழுநிலவில் ஒளி நேராக விழுகிறது, நிழலே கிடையாது, கண் கூசும், வெள்ளைத் தட்டுதான் மிஞ்சும். தேய்பிறையும் உதவாது. தேய்பிறை அஷ்டமி நிலவு நள்ளிரவு வாக்கில்தான் உதிக்கும், அதுவரை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

தமிழகத்தில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் நம்பகமானது. அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எந்த மாதமானாலும் அடுத்தடுத்த இரண்டு நாட்களைக் குறித்து, இரண்டாவதை மாற்று நாள் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?

அட்டைப்பெட்டியில் ‘525 மடங்கு’ என்று அச்சடித்த எதையும் வாங்க வேண்டாம். ஒரு தொலைநோக்கி பயன்படும் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும் உச்சம், அதன் முகப்பு விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 2 மடங்கு. 70 மி.மீ. கருவிக்கு 140 மடங்குதான் எல்லை. அதைத் தாண்டினால் உருவம் பெரிதாகும், கூடவே மங்கலாகும், கைபட்டாலே நடுங்கும்.

பொதுமக்களுக்குக் காட்ட 150 மி.மீ. குழியாடி, 1200 மி.மீ. குவியத்தொலைவு கொண்ட டாப்சோனியன் வகை போதும். மரப்பெட்டி மேல் குழாய் உட்கார்ந்திருக்கும், கையால் தள்ளினால் திரும்பும், மின்சாரம் வேண்டாம். 1960களின் கடைசியிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ நடைபாதைகளில் மக்களுக்கு வானத்தைக் காட்டிய ஜான் டாப்சன் பரப்பிய அமைப்பு இது. தெருவுக்கென்றே பிறந்தது என்பதால் ஓரளவு முரட்டுக் கையாளலையும் தாங்கும்.

ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லை, இரண்டு போதும். குவியத்தொலைவை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் பெருக்கம் கிடைக்கும். 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கு, 10 மி.மீ. 120 மடங்கு. கூட்டம் இருக்கும்போது 25 மி.மீ.தான் பேச வேண்டும். அதில் கண்ணைச் சுமார் ஒரு விரல் பருமன் தள்ளி வைத்துப் பார்க்கலாம். சாதாரண 10 மி.மீ. ஐபீஸில் கண்ணை ஒட்டவைக்க வேண்டும், முதல்முறை பார்ப்பவர் திணறிப்போவார்.

ஆட்கள் வருவதற்கு முன் என்னென்ன சரிபார்க்க வேண்டும்?

பகல் வெளிச்சத்திலேயே ஃபைண்டர் எனப்படும் சிறு குறிநோக்கியை முதன்மைக் குழாயோடு ஒத்திசைக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செல்போன் கோபுர உச்சியை 25 மி.மீ. ஐபீஸின் நடுவில் கொண்டுவாருங்கள். பிறகு குறிநோக்கியின் திருகுகளைத் திருகி அதே உச்சியை அதன் நடுவிலும் கொண்டுவாருங்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை வைத்துச் செய்தால் வானத்தில் பிசகும், ஏனெனில் இரண்டு குழாய்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி பக்கத்துப் பொருளில் கோண வேறுபாடாகிவிடும்.

ஆட்டோவிலோ பைக்கிலோ வந்த குழியாடி அசைந்திருக்கும். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து, குவியத்தைக் கொஞ்சம் கலைத்துப் பாருங்கள். வட்டத்துக்குள் தெரியும் கரிய புள்ளி மையத்தில் இருந்தால் சரி. ஒதுங்கியிருந்தால் அடிப்பக்கத் திருகுகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறகு நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்து வந்திருந்தால் முக்கால் மணி நேரமாவது வெளியில் வையுங்கள். ஆடியின் வெப்பமும் காற்றின் வெப்பமும் ஒன்றாகும்வரை உருவம் கொதிக்கும் நீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும்.

மொட்டைமாடிக்கும் இதே நெளிவு உண்டு. பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் காங்கிரீட் இரவு 9 மணி வரையும் கக்கிக்கொண்டிருக்கும். புல்தரையோ மண்தரையோ கிடைத்தால் மாடியை விட்டுவிடுங்கள். நிலவுக்கும் கோள்களுக்கும் இருட்டு அவசியமே இல்லை; தெருவிளக்கு நேராகக் கண்ணில் அடிக்காமல் ஒரு சுவர் மறைத்தால் போதும்.

எதை முதலில் காட்டுவது?

நிலவு. யாரும் தவறவிட முடியாதது அது ஒன்றுதான். 150 மி.மீ. கருவியில் கண் கூசும், ஆனால் ஆபத்தில்லை. முகப்பு மூடியில் சிறிய இரண்டாவது மூடி ஒன்று பல கருவிகளில் இருக்கும். பெரிய மூடியைப் போட்டுச் சின்னதை மட்டும் திறந்தால் கூச்சம் போய்விடும்.

அடுத்து வியாழன். நடுக்கோட்டை ஒட்டி இரண்டு பட்டைகளும், வரிசையாக நான்கு நிலவுகள் வரையும் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்டவை அவை. அவற்றில் வியாழனுக்கு மிக அருகில் சுற்றும் அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும் என்பதால், மாலை 7 மணிக்குப் பார்த்தவரை 9 மணிக்கு மறுபடி கூப்பிட்டால் இடம் மாறியிருப்பதை அவரே கண்டுபிடிப்பார். முதல்முறை பார்க்கும்போதே ஒரு தாளில் நான்கு புள்ளிகளை அவர் கையாலேயே வரைய வைத்தால்தான் இது நடக்கும். இல்லாவிட்டால் ஞாபகம் இருக்காது.

சனிக்கு ஓர் எச்சரிக்கை. 2025 மார்ச்சில் அதன் வளையங்கள் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றன. இனி ஆண்டுதோறும் மெல்ல விரிந்துகொண்டே போகும், பழைய படங்களில் உள்ள அகலத்துக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். சுவரொட்டியில் அகன்ற வளையப் படத்தைப் போட்டு ஏமாற்ற வேண்டாம். மேலும் இந்த ஆண்டுகளில் சனி இரவு முழுக்கத் தெரியும் காலம் செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. நம் மழை அதை விழுங்கிவிடும். ஜனவரி அந்தியில் மேற்கே பார்ப்பதே நமக்கு வசதி.

150 பேர் வந்தால் எப்படிச் சமாளிப்பது?

ஆளுக்கு 40 விநாடி என்றால் மணிக்கு 90 பேர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கருவி தாங்கும். அதற்கு மேல் கூட்டம் வந்தால் இரண்டாவது கருவி வேண்டும், அல்லது ‘எல்லோருக்கும் நிலவு மட்டும்’ என்று முடிவெடுக்க வேண்டும். ஒரே வரிசையில் ஒரு சுற்றில் மூன்று பொருட்கள் காட்ட முயல்வது வீண். கடைசியில் நிற்பவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

பூமி சுழல்வதால் உருவம் நகர்ந்துகொண்டே இருக்கும். 48 மடங்கில் பார்வைப்பரப்பு ஏறத்தாழ ஒரு பாகை. வியாழன் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக நான்கு நிமிடம் ஆகும். நடுவில் வைத்துவிட்டால் இரண்டே நிமிடத்தில் மூன்று பேரோடு வெளியே போய்விடும். அது உள்ளே வரும் விளிம்பில் வைத்துவிட்டால் ஆறு பேர் பார்க்கலாம். 120 மடங்கில் இந்தக் கணக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சுருங்குகிறது. கூட்டத்தில் பெரிய பெருக்கம் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழந்தைகள் ஐபீஸைப் பிடித்துத் தொங்குவார்கள். ‘தொடாதே’ என்பது வேலைக்காகாது. விழுந்துவிடாமலிருக்க எதையாவது பிடிப்பது உடம்பின் இயல்பு. பக்கத்தில் கனமான நாற்காலியை வைத்து ‘இதைப் பிடிச்சுக்கோ’ என்றால் பிரச்சினை தீர்ந்தது. உயரம் போதாத பிள்ளைகளுக்கு ஆடாத இரண்டு படி முக்காலி ஒன்று. தூக்கிக் காட்டும் அப்பாக்கள்தான் அதிகம் இடிப்பவர்கள்.

‘தெரியுது தெரியுது’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். உண்மையிலேயே பார்த்தார்களா?

பலர் பார்ப்பதில்லை. பின்னால் வரிசை நிற்கிறது, எதிரில் ஆர்வத்தோடு ஒருவர் கேட்கிறார்; ‘தெரியலை’ என்று சொல்லக் கூச்சம். தெருவோர வானியலில் நடக்கும் மிகப்பெரிய தோல்வி இதுதான், வெளியே தெரியாத தோல்வியும்கூட.

‘தெரியுதா?’ என்று கேட்காதீர்கள். பார்த்தவரால் மட்டும் பதில் சொல்ல முடிகிற கேள்வியைக் கேளுங்கள்: ‘வியாழனுக்கு இந்தப் பக்கம் எத்தனை புள்ளி, அந்தப் பக்கம் எத்தனை?’ ‘நிலவோட எந்த ஓரம் கரடுமுரடா இருக்கு?’ தயங்கினால் உடனே உதவலாம்.

நிலவாக இருந்தால் கேட்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஐபீஸிலிருந்து வரும் ஒளி, பார்ப்பவர் முகத்தில் சிறிய வெள்ளைப் பொட்டாக விழும். பக்கவாட்டில் நின்று பாருங்கள். பொட்டு கண்மணியில் விழுந்தால் அவர் பார்க்கிறார். இமையிலோ மூக்கோரத்திலோ விழுந்தால் அவருக்கு இருட்டுதான். ‘கொஞ்சம் இடது பக்கம் வாங்கம்மா’ என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

கண்ணாடி அணிந்தவர்கள் கழற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். போட்டபடியே பார்க்கட்டும். ஒவ்வொருவரும் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருகினால் அடுத்தவருக்கு மங்கும், அவர் அதையும் ‘தெரியுது’ என்று சொல்லிவிட்டுப் போவார். பத்துப் பேருக்கு ஒருமுறை நீங்களே பார்த்துச் சரிசெய்யுங்கள்.

எவ்வளவு விளக்கம் சொல்ல வேண்டும்? எப்போது?

வரிசையில் நிற்கும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று ஒரு வரி. கண் வைத்திருக்கும்போது மௌனம். விலகிய பிறகு, அவர் கேட்டால், பதில். கேட்காவிட்டால் ஒரே ஒரு தகவல்: ‘நீங்க பார்த்த வெளிச்சம் நிலாவிலேருந்து கிளம்பி 1.3 விநாடி ஆச்சு.’

காட்டும் முன்பே ‘இப்போது 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளத்தைப் பார்க்கப் போகிறீர்கள்’ என்று முழங்கினால், கேட்டவர் அதைத் தேடிக்கொண்டே தன் 40 விநாடியைச் செலவழித்துவிடுவார். தானாகக் கண்ணில் பட்டதைப் பற்றி அவர் கேட்கும் கேள்வியில்தான் அறிவியல் தொடங்குகிறது. ஒலிபெருக்கி வைத்து உரையாற்றும் பழக்கம் மேடைக்கு நல்லது, தொலைநோக்கிக்கு அல்ல. விளக்கம் கேட்க நிற்பவர்களுக்கு வரிசையை விட்டுத் தள்ளி ஒரு மேசையும், ஒரு பேச்சாளரும், ஒரு நிலவு வரைபடமும் தனியாக ஏற்பாடு செய்யுங்கள்.

சந்திரயான் இறங்கிய இடத்தைக் காட்ட முடியுமா?

பகுதியைக் காட்டலாம், கலத்தைக் காட்ட முடியாது. சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது நிலவின் தெற்கே சுமார் 69 பாகை அட்சத்தில். அரைநிலவன்று அந்தப் பகுதியில் வெயில் இருக்கும். தென்விளிம்பை ஒட்டிப் பள்ளங்கள் நெருக்கியடித்து நிற்கும் இடம் அது. அங்கே பள்ளங்கள் நீள்வட்டமாகத் தெரிவது ஏன் என்ற கேள்வி கட்டாயம் வரும். உருண்டையின் ஓரத்தைச் சாய்வாகப் பார்ப்பதால்தான். இந்த அளவுத் தொலைநோக்கி நிலவில் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய பொருளே ஒன்றிரண்டு கிலோமீட்டர் இருக்கும். விக்ரம் கலம் இரண்டு மீட்டர் அளவே. அமெரிக்கக் கொடி பற்றிய கேள்விக்கும் இதே விடைதான்.

உருவம் தலைகீழாகத் தெரிகிறதே, கருவி கெட்டுவிட்டதா?

இல்லை. குழியாடி வகையில் மேல் கீழ், இடம் வலம் இரண்டும் மாறும். வில்லை வகையில் 90 பாகை திருப்பும் கண்ணாடி மாட்டியிருந்தால் இடம் வலம் மட்டும் மாறும்.

‘எனக்குச் சனி திசை நடக்குது, பார்க்கலாமா?’ என்று கேட்கிறார்களே?

‘தாராளமா பாருங்க ஐயா’ என்பதுதான் முழுப் பதில். கிண்டல் செய்தால் அவர் மட்டுமல்ல, பின்னால் நிற்கும் பத்துப் பேரும் போய்விடுவார்கள். பார்த்துவிட்டு நிமிர்ந்ததும், நமக்கு மிக அருகில் வரும்போதே அது ஏறத்தாழ 130 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதன் வெளிச்சம் இங்கே வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது என்று சொல்லுங்கள். மேலே எதுவும் வாதாட வேண்டாம்.

மரபில் ஏற்கெனவே இருப்பதைப் பிடித்துக்கொள்வது இன்னும் பயன் தரும். கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொன்னதை நினைக்காதவர் நம்மூரில் குறைவு, நிஜ அருந்ததியைப் பார்த்தவர் அதைவிடக் குறைவு. ஏப்ரல், மே மாத முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுநட்சத்திரம் வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாக அருந்ததி. வெறுங்கண்ணால் பிரித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பிறகு 48 மடங்கில் காட்டுங்கள். வசிஷ்டரே இரண்டாகப் பிரிந்து நிற்பார். தம்பதியாக வந்தவர்கள் இதை மறப்பதில்லை. ஜனவரியில் என்றால் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை மூன்றையும் விரலாலேயே காட்டலாம். தங்கள் நட்சத்திரம் எது என்று கேட்டு ஒரு கூட்டம் சேர்ந்துவிடும்.

செல்போனில் படம் எடுக்க விடலாமா?

கடைசி அரைமணி நேரத்தில் விடலாம். வரிசை ஓடும்போது விட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம் போய்விடும். போனை ஐபீஸோடு இணைக்கும் பிடிப்பான் வாங்கி மாட்டிவிட்டால் வேலை எளிது. திரையில் நிலவைத் தொட்டு அழுத்திக் குவியத்தைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுக்க வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த படங்கள் எல்லாம் வெள்ளைக் குழல்விளக்குபோல் இருக்கும்.

பச்சை லேசர் வைத்து நட்சத்திரங்களைக் காட்டலாமா?

5 மில்லிவாட்டுக்கு மேற்படாததை, பெரியவர் ஒருவர் கையில் மட்டும். விமானம் தெரிந்தால் உடனே அணைக்க வேண்டும். விமானநிலையத்தை ஒட்டிய பகுதிகளில் வேண்டவே வேண்டாம்.

பகலில் சூரியனைக் காட்டுவது எப்படி?

ஆபத்து எங்கே என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மலிவுக் கருவிகளுடன் ஐபீஸில் திருகும் சிறிய கறுப்புக் கண்ணாடி வரும். அதைத் தூக்கிப் போடுங்கள். குவிந்த வெப்பம் முழுவதும் அதன் மேல் விழுகிறது. விரிசல் விட்டால் அந்தக் கணமே கண் போய்விடும். வடிகட்டி எப்போதும் குழாயின் முகப்பில், காற்றடித்தால் கழன்றுவிடாதபடி ஒட்டுநாடா போட்டு இருக்க வேண்டும். குறிநோக்கியைக் கழற்றி வைத்துவிடுங்கள், அதில் யாராவது கண் வைப்பார்கள். வெறுங்கண்ணால் பார்க்க ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் பெற்ற சூரியக் கண்ணாடி. எக்ஸ்ரே பிலிம், கூலிங்கிளாஸ், குறுந்தகடு, கரி பிடித்த கண்ணாடி எதுவும் ஆகாது.

செலவில்லாத, நூறு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய முறை ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அளவு சமதளக் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் 8 மி.மீ. ஓட்டை போடுங்கள். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பந்தின் மேல் ஒட்டி, பந்தை ஒரு டம்ளர் வாயில் உட்கார வையுங்கள். எந்தப் பக்கமும் திருப்பலாம், வைத்த இடத்தில் நிற்கும். வெயிலில் வைத்து, 20 மீட்டர் தள்ளியுள்ள இருட்டறையின் வெள்ளைச் சுவருக்கு ஒளியைத் திருப்பினால் சுமார் 18 செ.மீ. விட்டத்தில் சூரியன் விழும். தொலைவை 108ஆல் வகுத்தால் உருவத்தின் விட்டம். ஓட்டையைச் சதுரமாக வெட்டினாலும் உருவம் வட்டமாகவே விழுவதைக் காட்டி ஏன் என்று கேளுங்கள். 5 மீட்டர் தூரத்தில் இதைச் செய்துவிட்டு ‘மங்கலா இருக்கு’ என்று கைவிடுபவர்கள் அதிகம். தூரம் போதவில்லை என்பதே கோளாறு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உருவம் தன் அகலம் நகர்ந்துவிடும், பந்தருகே ஒரு மாணவர் இருக்க வேண்டும். ஒளிக்கற்றை செல்லும் வழியில் யாரும் கண்ணாடியை நோக்காதபடி கயிறு கட்டுங்கள்.

2031 மே 21 அன்று தென் தமிழகத்திலும் வட இலங்கையிலும் கங்கண சூரிய கிரகணம் தெரியும். அதற்கு இந்தப் பந்து ஒன்று போதும்.

தொலைநோக்கியே இல்லை. என்ன செய்யலாம்?

நிழலில்லா நாள். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இருமுறை நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், கோவையில் ஏப்ரல் 18-19 வாக்கில், கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-11 வாக்கில். நேரம் 12 மணி அல்ல. ஏப்ரலில் சென்னையில் 12.07, கோவையில் 12.21. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டது. மேற்கே போகப் போக ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் பிந்தும். சரியாக 12 மணிக்குப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவிட்டு, நிழல் இருக்கிறதே என்று உள்ளே அனுப்பிவிடும் பள்ளிகள் உண்டு.

நேர்ப்பக்கங்கள் கொண்ட குழாய்த் துண்டை எடுங்கள். வாய் அகன்ற டம்ளர் வேண்டாம். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கித் தரை மட்டத்தைப் பாருங்கள். தரை ஒரு பாகை சாய்ந்தாலே மீட்டர் கோலுக்கு 17 மி.மீ. பொய் நிழல் விழும்.

இதிலேயே பூமியை அளக்கலாம். சென்னையில் நிழல் மறையும் அதே நாளில் கன்னியாகுமரிப் பள்ளி ஒன்று தன் ஊர் நண்பகலான 12.18க்கு ஒரு மீட்டர் கோலின் நிழலை அளக்கட்டும். ஏறத்தாழ 8.7 செ.மீ. வரும், அதாவது 5 பாகை. நிழல் தெற்கே விழும் என்பது பிள்ளைகளைத் திகைக்க வைக்கும். இரு ஊர்களுக்கும் இடையே வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 555 கி.மீ. 360ஐ 5ஆல் வகுத்துப் பெருக்கினால் 39,960 கி.மீ.; பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000. பேருந்து டிக்கெட்டில் இருக்கும் சாலைத் தூரத்தைப் போட்டால் கணக்கு எகிறிவிடும். பல குழுக்கள் வழுக்குவது இங்கேதான்.

பார்த்தவர்கள் ‘இன்னும் எங்கே போய்ப் பார்க்கலாம்’ என்று கேட்டால்?

திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு ஆய்வகம், 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு. 4130 என்ற எண்ணுள்ள ‘ராமானுஜன்’ சிறுகோள் 1988இல் அங்கிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கியது. கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் அங்கே கண்டறிந்தார். சென்னையில் பிர்லா கோளரங்கம். பொதுமக்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் கிளம்பும் முன் விசாரித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் கருவியை எப்படிப் பாதுகாப்பது?

கடலோர ஊர்களில் வில்லைகளைக் கெடுப்பது பூஞ்சை. பனியோ வியர்வையோ பட்ட ஐபீஸை ஈரத்தோடு பெட்டியில் மூடக்கூடாது. மின்விசிறியடியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். நிறம் மாறும் வகையாக இருந்தால், நீலம் வெளிர்சிவப்பானதும் வறுத்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். குழியாடியில் தூசி கண்டால் துடைக்காதீர்கள். அலுமினியப் பூச்சு முன்பக்கமே இருப்பதால் துணி பட்டாலே கீறும். கொஞ்சம் தூசி உருவத்தைக் கெடுக்காது, கீறல் கெடுக்கும்.